பயோடீசல் உண்மையிலேயே பசுமையானதா? ஆலைக்கு நேரில் போய்க் கணக்குப் போடும் வழி

ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு லிட்டர் பயோடீசலை (தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும், டீசலுக்குப் பதிலான எரிபொருள்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சாதாரண டீசல் வெளியிடும் பசுங்குடில் வாயுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கோடு உருவாகியிருக்கும். இன்னொன்று, இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ பீட் எனப்படும் சதுப்பு மண் காட்டை அழித்து நட்ட எண்ணெய்ப் பனையிலிருந்து வந்திருக்கும். அப்படி அழித்ததில் வெளியான கரியமில வாயுவை அந்தத் தோட்டத்து எரிபொருள் ஈடுகட்ட 423 ஆண்டு பிடிக்கும் என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாட்டிலில் ஊற்றி வைத்தால் இரண்டும் ஒரே பொன்னிறம்தான்.

ஆகவே எரிபொருளைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, இந்த ஆலை இல்லாவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்பதைத் தேடிப் போய்த்தான் சொல்ல முடியும். கல்லூரி ப்ராஜெக்டுக்காகவோ, ஊராட்சிக்கோ தொண்டு அமைப்புக்கோ, முதலீடு செய்வதற்கு முன்போ ஒரு பயோடீசல் ஆலையை முதல் தடவையாக மதிப்பிடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும் சிறிய ஆலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பயிரிலிருந்து எடுப்பதானால் எங்கே கணக்கு மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

“பயோடீசல் நல்லதா?” என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. “இந்த ஆலை, இந்த ஆண்டு, இந்த எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல், அது மாற்றீடு செய்யும் டீசலைவிட நல்லதா?” என்று கேட்டால் பதில் உண்டு. உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிவிடுங்கள்.

அடுத்து அளவுகோல். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடக் கூடாது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, பயோடீசலில் 33தான். அதனால் எல்லாவற்றையும் ஒரு மெகாஜூலுக்கு எத்தனை கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் எண், ஒரு மெகாஜூலுக்கு 94 கிராம் கரியமில வாயு. கச்சா எண்ணெய் எடுப்பதிலிருந்து இன்ஜினில் எரிப்பது வரை எல்லாம் இதில் அடங்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு இது சுமார் 3.4 கிலோ ஆகிறது. கீழே போடும் கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: எண்ணெய் இதற்கு முன் எங்கே போனது?

மொத்த மதிப்பீட்டில் பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்பேன். மேசையில் உட்கார்ந்து முடிக்கிற வேலையும் இல்லை இது. ஆலைக்கு எண்ணெய் கொடுக்கும் கடைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, அதிலிருந்து நீங்களாகத் தேர்ந்தெடுத்த சில கடைகளுக்குப் போங்கள். ஆலைக்காரர் கூட வர வேண்டாம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், “அண்ணே, இந்தப் பழைய எண்ணெயை முன்னாடி யாரு எடுத்துக்கிட்டுப் போனாங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் மூன்று வகைதான்.

“சாக்கடையிலதான் ஊத்துவோம்” என்றால் கணக்கு எளிது. வீணாகப் போனதை எடுத்து எரிபொருளாக்குகிறார்கள், சாக்கடை அடைப்பும் குறைகிறது.

“ஒருத்தர் வந்து டின்னுக்கு இவ்வளவுன்னு குடுத்து வாங்கிட்டுப் போவாரு, எங்க போகுதுன்னு தெரியாது” என்றால் அந்த எண்ணெய் பெரும்பாலும் வேறொரு தள்ளுவண்டிக் கடைச் சட்டிக்குப் போயிருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்திருக்கிறது. 2018 ஜூலையிலிருந்து இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் ரூகோ திட்டத்தையும் ஆணையம் தொடங்கியது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் பழைய எண்ணெயை யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வகை எண்ணெயை ஆலை மடைமாற்றுகிறது என்றால், கரியமில வாயுக் கணக்கில் வராத ஒரு பெரிய நன்மை அங்கே நடக்கிறது. ஏழைகளின் வயிற்றுக்குப் போகவிருந்த கெட்டுப்போன எண்ணெய் வெளியேறுகிறது. என்னைக் கேட்டால், பழைய எண்ணெய் பயோடீசலுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம் இதுதான். அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

மூன்றாவது பதில், “சோப்பு போடுறவங்க வாங்கிட்டுப் போவாங்க”. இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். சோப்புக்காரர் வேலையை நிறுத்திவிடப் போவதில்லை. பழைய எண்ணெய் கிடைக்காவிட்டால் புதுப் பாமாயிலோ அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலமோ வாங்குவார். ஆலை ஒரு டன் பழைய எண்ணெயை இழுத்துக்கொண்டால், வேறெங்கோ ஏறக்குறைய ஒரு டன் புது எண்ணெய்க்குத் தேவை உண்டாகிறது. அந்தப் பங்குக்குக் ‘கழிவு’ என்ற சலுகையைக் கொடுக்காதீர்கள். புது எண்ணெய்க்குப் போடும் கணக்கையே போடுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் இதே படியில் பார்த்துவிடுங்கள்: விலை. பழைய எண்ணெய் விலை ஏறி ஏறிப் புதுப் பாமாயில் விலையைத் தொட்டுவிட்டால், புது எண்ணெயையே கொஞ்சம் கறுப்பாக்கிப் பழையது என்று விற்கும் ஆசை வரும். ஐரோப்பாவில் பழைய எண்ணெய் பயோடீசலை இலக்குக் கணக்கில் இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்த பிறகு ஆசியாவிலிருந்து இறக்குமதி பெருகியது. அதில் புது எண்ணெய் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. பொரிக்கும்போது எண்ணெயில் கணிசமான பங்கு பண்டத்தோடு போய்விடும். வாங்கிய எண்ணெயில் பாதிக்கு மேல் பழைய எண்ணெயாகத் திரும்பி வருகிறது என்று ஒரு வடைக்கடை கணக்குக் காட்டினால், மறுபடியும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

மூன்றாம் படி: பயிர் என்றால், நிலம்

பழைய எண்ணெய் ஆலையானால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். காட்டாமணக்கு, புங்கம், பாமாயில் என்று எதுவானாலும் இதைத் தாண்டக் கூடாது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. 2003இல் திட்டக் குழு அமைத்த குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு நட்டு டீசலில் கலக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2009இல் வந்த கொள்கை, 2017க்குள் 20 சதவீதம் கலப்பு என்று இலக்கு வைத்தது. நடந்தது என்ன? கலப்பு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2018இல் வந்த புதிய கொள்கை, பயோடீசல் இலக்கை 2030க்குள் 5 சதவீதம் என்று வைத்தது.

ஏன் தோற்றது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நாற்று விற்றவர்கள் ஹெக்டேருக்கு ஐந்து டன் விதை என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். மானாவாரி நிலத்தில் பல விவசாயிகளுக்கு ஒரு டன்கூடத் தேறவில்லை. தாராளமாக ஒரு டன் என்றே வைத்துக்கொள்வோம். செக்கில் ஆட்டினால் 250 கிலோ எண்ணெய் வரும், அதிலிருந்து சுமார் 280 லிட்டர் பயோடீசல். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஊற்றினால் 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு தடவை போய்த் திரும்பலாம். இரண்டரை ஏக்கர் நிலத்தின் ஓராண்டு விளைச்சல் அவ்வளவுதான். தண்ணீர் பாய்ச்சினால் விளைச்சல் கூடும். ஆனால் தண்ணீர் இருக்கிற விவசாயி நிலக்கடலையோ காய்கறியோ போடாமல் காட்டாமணக்கு ஏன் போட வேண்டும்? தமிழ்நாட்டில் நடந்து 2010இல் வெளிவந்த கள ஆய்வு ஒன்றும் இதையேதான் கண்டது: விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கே ஓரளவு கட்டுப்படியாகும், ஏழை விவசாயிகளுக்கு நஷ்டம்.

‘தரிசு’ என்று ஆவணத்தில் இருப்பதை அப்படியே நம்பாதீர்கள். நிலத்துக்குப் போய்ப் பாருங்கள். காலையில் ஆடு மேய்கிறதா? சீமைக் கருவேல விறகு வெட்டுகிறார்களா? மழைக்காலத்தில் கீரையோ மூலிகையோ பறிக்க யாராவது வருகிறார்களா? புறம்போக்கில் காட்டாமணக்கு நட்டால் சுற்றி வேலி போட்டுவிடுவார்கள், அதன் இலையை ஆடு தின்னாது, பிண்ணாக்கிலும் நஞ்சு. ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது நேரடி இழப்பு. உங்கள் அறிக்கையில் அவர்கள் சொன்னதும் இடம்பெற வேண்டும். புங்கம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், நிழல் தரும், பிண்ணாக்கு நல்ல உரம். வரப்பிலும் சாலையோரத்திலும் ஏற்கெனவே நிற்கிற மரங்களிலிருந்து காய் பொறுக்குவதானால் நிலப் பிரச்சினையே எழாது.

வெளிநாட்டுப் பாமாயில் என்றால் நிலக் கேள்வி இன்னும் கூர்மையாகும். காட்டை நேரடியாக அழிக்காவிட்டாலும், உணவுக்குப் போன எண்ணெயை எரிபொருள் இழுத்துக்கொண்டால், உணவுக்கான எண்ணெயை வேறெங்கோ புது நிலத்தில் விளைவிப்பார்கள். இந்த மறைமுக நிலமாற்றத்தைக் காரணம் காட்டித்தான் பாமாயில் பயோடீசலை 2030க்குள் படிப்படியாக நிறுத்துவதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் முடிவெடுத்தது. இந்தோனேசியா எதிர்த் திசையில் போகிறது. 2020இல் 30 சதவீதமாக இருந்த அதன் கட்டாயக் கலப்பு 2025இல் 40 ஆகியிருக்கிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நமக்கு, அந்தப் பாமாயில் டேங்கருக்குப் போகிறதா சமையலறைக்கு வருகிறதா என்பது சின்ன விஷயம் இல்லை.

நான்காம் படி: எடை வரவு செலவு

ஆலைக்குள் வந்துவிட்டோம். வேதியியல் எளிமையானது. 100 கிலோ எண்ணெயும் சுமார் 11 கிலோ மெத்தனாலும் (ஒரு வகை ஆல்கஹால்) சேர்ந்தால் சுமார் 100 கிலோ பயோடீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசரினும் கிடைக்கும். காஸ்டிக் சோடாவோ காஸ்டிக் பொட்டாஷோ வினையூக்கி, எண்ணெயின் எடையில் ஒரு சதவீதம் போல. சூடு 60 டிகிரி. மெத்தனால் 65 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும் என்பதால் அதற்கு மேல் போவதில்லை. வினை முழுமையாக நடக்க வேண்டும் என்று தேவைக்கு இரண்டு மடங்கு மெத்தனால் ஊற்றிவிட்டு, மிஞ்சியதைக் காய்ச்சி வடித்து மீட்பது வழக்கம்.

இது தெரிந்தால் போதும், மெத்தனால் வாங்கிய பில்லை வைத்தே பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். மாதம் 100 டன் பயோடீசல் எடுக்கிறோம் என்கிறார்கள், மெத்தனால் 5 டன்தான் வாங்கியிருக்கிறார்கள் என்றால், அங்கே நடப்பது பயோடீசல் தயாரிப்பு இல்லை. வடிகட்டிய எண்ணெயையோ வேறு கனிம எண்ணெயையோ அந்தப் பெயரில் விற்கிறார்கள். குஜராத்தில் இப்படிப்பட்ட போலிகள் பிடிபட்டிருக்கின்றன. 12, 13 டன் என்றால் நல்ல ஆலை. 20 டன் என்றால் மிஞ்சிய மெத்தனாலை மீட்கவில்லை, அது கிளிசரினிலும் கழுவிய தண்ணீரிலும் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கழிவு நீர்ப் படியில் மறுபடி பார்ப்போம்.

எண்ணெயின் தரத்தையும் இங்கேயே சோதியுங்கள். பழைய எண்ணெயில் கொழுப்பு அமிலம் பிரிந்து கிடக்கும். அது வினையூக்கியோடு சேர்ந்து சோப்பாகிவிடும். விளைச்சல் குறையும், கழுவத் தண்ணீர் கூடும். அமிலம் எவ்வளவு என்று பார்க்க டைட்ரேஷன் செய்ய வேண்டும். ஒரு மில்லி எண்ணெயைப் பத்து மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா போட்ட கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் காட்ட பினாப்தலீன் இல்லையென்றால் மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு போதும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதே மாற்றம்தான். சிவப்பு நின்று நிலைக்கும்போது எத்தனை மில்லி விட்டோம் என்று பாருங்கள். ஒவ்வொரு மில்லியும் சுமார் முக்கால் சதவீதம் கொழுப்பு அமிலம். மூன்று மில்லிக்கு மேல் போகிற எண்ணெயை நேரடியாகக் காஸ்டிக்கில் போடுகிற ஆலை, எண்ணெயைச் சோப்பாக்கி வீணடிக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். முதலில் அமிலம் சேர்த்து அந்தக் கொழுப்பு அமிலத்தையும் எஸ்டராக (பயோடீசல் என்பதே எஸ்டர்தான்) மாற்றிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: கரியமில வாயுக் கணக்கு

இப்போது ஆயிரம் லிட்டர் பழைய எண்ணெய்க்கு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். நீரும் கசடும் போக சுமார் 940 லிட்டர் பயோடீசல் தேறும் என்று வையுங்கள். அதாவது சுமார் 31,000 மெகாஜூல். மற்ற எண்களும் மாதிரிக்குத்தான், உங்கள் ஆலையின் பில்களிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சேகரிக்கக் குட்டி யானை வண்டி 150 கிலோமீட்டர் சுற்றியது, 12.5 லிட்டர் டீசல்: 42 கிலோ.
மெத்தனால் 110 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து வந்ததென்றால், அதிலுள்ள கரியையும் சேர்த்து கிலோவுக்கு சுமார் 2 கிலோ: 220 கிலோ.
மின்சாரம் 60 யூனிட், யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ: 42 கிலோ.
கொதிகலனுக்கு 20 லிட்டர் டீசல்: 68 கிலோ.
காஸ்டிக் வகை: சுமார் 20 கிலோ.
பயோடீசலைக் கொண்டுபோய்ச் சேர்க்க 10 லிட்டர் டீசல்: 34 கிலோ.

மொத்தம் 426 கிலோ. 31,000 மெகாஜூலால் வகுத்தால் மெகாஜூலுக்கு 13.7 கிராம். டீசலின் 94 கிராமோடு ஒப்பிட்டால் 85 சதவீதம் குறைவு. பழைய எண்ணெய் பயோடீசலுக்கு ஐரோப்பியச் சட்டம் பொதுவாக ஒப்புக்கொள்ளும் சேமிப்பு 84 சதவீதம். ஆகவே நம் கணக்கு தடம் மாறவில்லை. எண்ணெயை எரிக்கும்போது வரும் கரியமில வாயுவைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். அது செடி காற்றிலிருந்து எடுத்த கரி என்பதால் பூஜ்யம் என்று வைப்பது வழக்கம். மெத்தனாலிலிருந்து வந்த கரியை மட்டும் மேலேயே சேர்த்துவிட்டோம்.

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் லாரியைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். பாருங்கள், பாதிக்கு மேல் மெத்தனால்தான். நம் நாடு மெத்தனாலைப் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறது. சீனாவில் நிலக்கரியிலிருந்து எடுத்த மெத்தனாலாக இருந்தால் அந்த 220 கிலோ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு மடங்கு என்று வைத்தால் மெகாஜூலுக்கு 21 கிராம், சேமிப்பு 78 சதவீதமாக இறங்கும். ஆகவே மெத்தனால் எந்த நாட்டிலிருந்து, எதிலிருந்து வந்தது என்று வியாபாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வண்டியையும் விட்டுவிட வேண்டாம். அதே 150 கிலோமீட்டர் சுற்றி 250 லிட்டர்தான் கிடைக்கிறது என்றால் ஆயிரம் லிட்டருக்கு 42 கிலோ 168 ஆகிவிடும்.

இந்த 426 கிலோவில் கிளிசரினுக்கு ஒரு பங்கு ஒதுக்கலாமா? ஆற்றல் அடிப்படையில் பிரித்தால் அதன் பங்கு நான்கைந்து சதவீதம்தான். விட்டுவிட்டாலும் குற்றமில்லை.

பயிர் என்றால் இந்தப் பங்கீடுதான் முடிவையே புரட்டிப்போடும். சோயாவில் எடைப்படி பிரித்தால் எண்ணெய்க்கு ஐந்தில் ஒரு பங்கு சுமைதான் விழும், மீதி பிண்ணாக்குக்குப் போய்விடும். விலைப்படி பிரித்தால் எண்ணெயின் பங்கு வெகுவாகக் கூடும். எந்த முறையில் பிரித்தோம் என்று சொல்லாத அறிக்கையை நம்பாதீர்கள். உரத்தையும் மறக்க வேண்டாம். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20.7 கிலோ நைட்ரஜன். அதில் ஒரு சதவீதம் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது பன்னாட்டுப் பருவநிலைக் குழு தரும் பொது மதிப்பு. எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும் வாயு அது. கணக்குப் போட்டால் ஒரு மூட்டைக்கு சுமார் 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், யூரியா தயாரித்த செலவு தனி. ராப்சீடு என்ற கடுகு இனத்து எண்ணெய் வித்திலிருந்து வரும் பயோடீசலுக்கு ஐரோப்பா 47 சதவீதம் சேமிப்பு மட்டுமே ஒப்புக்கொள்வதில் உரத்துக்குப் பெரும் பங்குண்டு. பாமாயிலில் இன்னொரு வேடிக்கையான இடைவெளி: ஆலைக் கழிவுக் குளத்தைத் திறந்துபோட்டால் மீத்தேன் கிளம்பி, சேமிப்பு வெறும் 20 சதவீதம். மூடி அந்த மீத்தேனைப் பிடித்தால் 45. இதிலும் காடழிப்புச் சேரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: கழிவு நீரும் கிளிசரினும்

ஆலையின் பின்பக்கம் போங்கள். அலுவலகத்தில் காட்டும் படங்களைவிட அங்கே ஓடும் வாய்க்கால் அதிகம் சொல்லும். தண்ணீரில் கழுவுகிற ஆலையில் ஒரு லிட்டர் பயோடீசலுக்கு ஒரு லிட்டர் அளவிலோ அதற்கு மேலோ சோப்பும் மெத்தனாலும் காரமும் கலந்த தண்ணீர் வெளியே வரலாம். பால் போல வெள்ளையாக இருந்தால் சோப்பு கலந்தது. அது எங்கே போகிறது? சுத்திகரிப்புத் தொட்டி இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா? மின் மீட்டரைப் பார்த்தாலே ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். தண்ணீர் இல்லாமல் ரெசின் (அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள்) வழியாகச் சுத்தப்படுத்துகிற ஆலைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் தீர்ந்த ரெசினை என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கச்சாக் கிளிசரின் பழுப்பாகக் கெட்டியாக இருக்கும். மெத்தனாலை மீட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு விற்கிறார்களென்றால் பில் இருக்கும். டிரம் டிரம்மாக வேலியோரம் அடுக்கியிருந்தால், மழைக்காலத்தில் பக்கத்துக் கிணறு என்ன ஆகும் என்பது உங்கள் அறிக்கையில் வர வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: வேலை செய்கிறவர்களும் மெத்தனாலும்

இங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட கள்ளச் சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். அதனால் ஆலைக்கு உரிமம் இருக்கிறதா, வந்த மெத்தனால், செலவான மெத்தனால், கையிருப்பு மூன்றும் பதிவேட்டில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நான்காம் படியில் போட்ட கணக்கு இங்கேயும் கைகொடுக்கும். கணக்கில் வராத மெத்தனால் இருக்கிற ஆலை, சேமிப்பு 90 சதவீதமே ஆனாலும், ஏற்கத்தக்கது இல்லை.

வினைக்கலன் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள். என்ன சம்பளம், தலைவலி வருமா, முகமூடி யார் வாங்கிக் கொடுத்தது, தீப்பிடித்தால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள்? எண்ணெய் சேகரிக்கும் வண்டிக்காரருக்கு லிட்டருக்கு எவ்வளவு நிற்கிறது? முன்பு பழைய எண்ணெய் வாங்கிப் பிழைத்தவர் இப்போது என்ன செய்கிறார்?

எட்டாம் படி: எரிபொருள் தரம்

இன்ஜினைக் கெடுக்கிற பயோடீசலுக்கு எந்தப் பசுமையும் கிடையாது. இந்தியத் தரம் ஐ.எஸ். 15607. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை ஊற்றிக் குலுக்கிச் சற்று நேரம் விடுங்கள். தெளிவாகக் கரைந்தால் வினை ஓரளவு முழுமை. அடியில் எண்ணெய்ச் சொட்டு தங்கினால் மாறாத எண்ணெய் மிச்சமிருக்கிறது. இது சான்றுக்கு ஈடாகாது, ஆனால் சான்று கொண்டுவர உள்ளே போனவர் திரும்பி வருவதற்குள் உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிடும்.

ஒன்பதாம் படி: எவ்வளவு வரை வளரலாம், பணம் எங்கிருந்து வருகிறது

ஒரு ஆலை நன்றாக இருப்பதால் அதையே பத்து மடங்காக்கினாலும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 220 கோடி லிட்டர் பழைய எண்ணெய் திரட்டலாம் என்று ரூகோ திட்டத்தின்போது மதிப்பிட்டார்கள். நாட்டின் டீசல் செலவு ஆண்டுக்கு சுமார் 9 கோடி டன், அதாவது பத்தாயிரம் கோடி லிட்டருக்கும் மேல். கடைசிச் சொட்டு வரை திரட்டினாலும் இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். ஆகவே உங்கள் ஊருக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: ஆலையின் கொள்ளளவு எவ்வளவு, ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைக்கும் பழைய எண்ணெய் எவ்வளவு? கொள்ளளவு கூடுதலாக இருந்தால் மீதிக்கு என்ன வாங்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் பாமாயில் என்றால், இதுவரை போட்ட கணக்கெல்லாம் வேறொரு ஆலைக்குப் போட்ட கணக்கு ஆகிவிடும்.

பணக் கணக்கும் சுருக்கமாக. எண்ணெய் நிறுவனங்கள் 2019இல் பழைய எண்ணெய் பயோடீசலுக்கு லிட்டருக்கு 51 ரூபாயில் தொடங்கி மூன்று ஆண்டுக்கு விலை உறுதி அளித்தன. அப்படி எழுத்தில் உறுதி இருக்கிறதா, அது எப்போது முடிகிறது, முடிந்தபின் பழைய எண்ணெயை இதே விலைக்கு வாங்கத் தாங்குமா என்று பாருங்கள்.

அறிக்கை எழுதும்போது

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று போடாதீர்கள். கரியமில வாயுவில் 85 சதவீதம் சேமிப்பு ஒரு வரி. கிணற்றுத் தண்ணீர் கெடுவது தனி வரி. ஒன்றின் லாபத்தை வைத்து மற்றதன் நஷ்டத்தை மூடக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது பில்லிலிருந்து வந்ததா, ஆலைக்காரர் வாயால் சொன்னதா, நீங்கள் ஊகித்ததா என்று குறித்துவிடுங்கள்.

அப்புறம், எந்த எண் மாறினால் உங்கள் முடிவு மாறும் என்பதையும் எழுதுங்கள். நம் உதாரண ஆலைக்கு அவை மூன்று: மெத்தனால் எங்கிருந்து வருகிறது, பழைய எண்ணெயில் எவ்வளவு முன்பு சோப்புக்குப் போனது, கழிவு நீர்த் தொட்டி ஓடுகிறதா. அடுத்த ஆண்டு மறுபடி போகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, இரண்டாம் படியில் போன அதே கடைகளில் நாலைந்துக்குப் போய் எண்ணெயை இப்போது யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தால் போதும்.